32 கிலோ பேஸ் ஆம்ப்போடு 11 வருடம்

2014 கடைசியில் கோலாலம்பூரில் ஒருவரிடமிருந்து 850 வெள்ளிக்கு (ரிங்கிட்) வாங்கிய செகண்ட் ஹேண்ட் காம்போ இது, அதாவது பேஸ் கிடாருக்கான ஆம்ப்பும் ஸ்பீக்கரும் ஒரே பெட்டியில். 100 வாட், ஒரே ஒரு 15 அங்குல ஸ்பீக்கர், எடை 32 கிலோ. நான் இருப்பது பினாங்கு கெலுகோரில், லிஃப்ட் இல்லாத ஃபிளாட்டின் மூன்றாம் மாடியில். மீதிக் கதையை என் முதுகிடம்தான் கேட்க வேண்டும்.

என்ன பிராண்ட் என்று எல்லாரும் கேட்கிறார்கள். சொல்லப்போவதில்லை. இதில் வந்த கோளாறுகளில் முக்கால்வாசி கடல் காற்றும் என் அறியாமையும் கொண்டுவந்தவை. அதைக் கம்பெனி தலையில் கட்டுவது நியாயமில்லை.

வாங்கும்போது நான் மண்டையை உடைத்துக்கொண்டதெல்லாம் வாட் கணக்கில்தான். 100 போதுமா, 200 வேண்டுமா? இப்போது யோசித்தால் சிரிப்பு வருகிறது. வாட் இரண்டு மடங்கானால் சத்தம் 3 டெசிபெல்தான் கூடும். காதுக்கு இரட்டிப்பாகக் கேட்க ஏறக்குறைய 10 டெசிபெல் வேண்டும், அதற்குப் பத்து மடங்கு வாட் தேவை. கல்யாண மண்டபத்தில் கடைசி வரிசை மாமாவுக்கு 100-க்கும் 200-க்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. அவருக்குக் கேட்பது மிக்சர் வழியாகப் போகும் சத்தம். மேடையில் நானும் டிரம்மரும் கேட்டால் போதும், அதற்கு இந்த 100 வாட் தாராளம்.

ஆனால் அதுகூடக் கேட்காத காலம் ஒன்று இருந்தது. முதல் இரண்டு வருடம், "அண்ணே, உங்க பேஸ் எங்கண்ணே?" என்று டிரம்மர் தம்பி ஒவ்வொரு கச்சேரியிலும் கேட்பான். வீட்டில் தனியாக வாசிக்கும்போது ஆம்ப்பில் பேஸையும் (அடிச்சத்தம்) ட்ரெபிளையும் (மேல்சத்தம்) ஏற்றி மிட்டை (நடுச்சத்தம்) இறக்கி வைத்திருப்பேன், தேனாக இருக்கும். அதே செட்டிங்கை அப்படியே மேடைக்கும் கொண்டு போவேன். அங்கே டோலக், கிக் டிரம், கீபோர்டு மச்சானின் இடது கை எல்லாம் ஒரே அடிமட்டத்தில் குவிந்து கிடக்கும். தடித்த ஈ கம்பியின் அடிப்படை அதிர்வு 41 ஹெர்ட்ஸ். நெரிசலான மேடையில் அதைப் பிரித்துக் கேட்கவே முடியாது. காது பிடித்துக்கொள்வது அதற்கு மேலே 82, 123 என்று அடுக்கடுக்காக வரும் துணைச் சுரங்களைத்தான். நான் பேஸ் நாபை இன்னும் திருகுவேன். அடிமட்டத்தில் 6 டெசிபெல் ஏற்றினால் அந்த இடத்தில் ஆம்ப் நாலு மடங்கு சக்தி கக்க வேண்டும், பாவம் மூச்சு முட்டி அடைத்த குரலில் உறுமும். கடைசியில் பேஸை நடுவுக்குக் கொண்டுவந்து, 400 முதல் 800 ஹெர்ட்ஸ் வரை இருக்கும் மிட்டை லேசாக ஏற்றினேன். தனியாகக் கேட்டால் மூக்கடைத்த மாதிரி அசிங்கமாக இருக்கும். பாட்டு ஆரம்பித்ததும் ஒவ்வொரு சுரமும் தெளிவாக நிற்கும். மூலையில் வைத்திருந்த ஆம்ப்பைச் சுவரிலிருந்து தள்ளி ஒரு நாற்காலி மேல் ஏற்றியதும் மீதி இரைச்சலும் போனது. கீபோர்டு மச்சானிடம், "இடது கைக்குக் கொஞ்சம் லீவு குடு" என்று சொன்னதற்கு மட்டும் ஒரு வாரம் பேசவில்லை.

2016-ல் ஒரு கச்சேரிக்கு இரண்டு நாள் முன்னால் சத்தம் கிழிய ஆரம்பித்தது. மெல்லத் தட்டினாலும் கரகரப்பு. ஸ்பீக்கர் போச்சு என்று முடிவு கட்டி, ஆம்ப்பை மூன்று மாடி இறக்கி, காரில் போட்டு, ஜெலுத்தோங்கில் பழுது பார்க்கும் சீன அங்கிளிடம் கொண்டு போனேன். அவர் ஆம்ப்பைத் திறக்கவே இல்லை. தன்னிடம் இருந்த சாதாரணக் கிடாரைச் சொருகினார். சுத்தமாகக் கேட்டது. என் பேஸை வாங்கிப் பின்பக்க மூடியைக் கழற்றி, "பத்தேரி டா ஹாபிஸ் லா" என்றார். பேட்டரி தீர்ந்துவிட்டதாம்! என்னுடையது ஆக்டிவ் பேஸ், உள்ளே 9 வோல்ட் பேட்டரி. வயர் சொருகியிருக்கும் வரை, வாசித்தாலும் வாசிக்காவிட்டாலும் அது கரைந்துகொண்டே இருக்கும். நான் மாதக்கணக்கில் வயரைப் பிடுங்காமல் சுவரில் சாய்த்து வைத்திருந்தேன். அங்கிள் காசு வாங்கவில்லை, ஒரு தே தாரிக் டீ மட்டும் வாங்கிக் கொடுக்கச் சொன்னார். அன்றிலிருந்து சத்தத்தில் எது கெட்டாலும் முதலில் பேட்டரி, பிறகு வயர், பிறகு வேறொரு கிடார், கடைசியில்தான் ஆம்ப். படி ஏறி இறங்குவது எவ்வளவோ மிச்சம்.

நிஜமாகவே ஆம்ப்பில் வந்த கோளாறு ஒன்று உண்டு. 2020 மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்ததும் கச்சேரி எல்லாம் நின்றுபோனது. ஒரு வருடத்துக்கு மேல் ஆம்ப் கட்டிலுக்குப் பக்கத்தில் துணி போர்த்திக் கிடந்தது. மறுபடி எடுத்தபோது வெளித்தோலில் பூஞ்சணம், கைப்பிடித் திருகுகளில் துரு, பின்னால் இருக்கும் இடுக்கில் பல்லி முட்டை. அதெல்லாம் ஈரத்துணிக்கே போய்விட்டது. அதன் பிறகு வந்த முதல் கல்யாணத்தில், பாட்டு நடுவே சத்தம் பட்டென்று நின்றது. பதறிப்போய் ஆம்ப் தலையில் ஒரு தட்டு தட்டினேன், திரும்ப வந்தது. இரண்டு பாட்டு கழித்து மறுபடி நின்றது.

இப்படித் தட்டினால் வந்து போகும் சத்தத்துக்குப் பல தடவை காரணம் எஃபெக்ட்ஸ் லூப்தான், வெளி எஃபெக்ட்ஸ் கருவிகளை ஆம்ப்போடு சேர்க்கும் வழி அது. பின்னால் 'சென்ட்', 'ரிட்டர்ன்' என்று இரண்டு ஓட்டை இருக்கும். ரிட்டர்ன் ஜேக்குக்குள் ஒரு சின்ன உலோக நாக்கு உண்டு. எதுவும் சொருகாதபோது சத்தம் அந்த நாக்கைத் தொட்டுத்தான் ஸ்பீக்கர் பக்கம் போக வேண்டும். நானோ அந்த ஓட்டையைத் தொட்டதே இல்லை. ஈரக் காற்றில் நாக்கு கறுத்து, தொடர்பு விட்டுவிட்டது. சோதிக்க ஐந்து வெள்ளி வயர் ஒன்று போதும். சென்ட்டிலிருந்து ரிட்டர்னுக்கு ஒரு குட்டி வயரைச் சொருகிப் பாருங்கள். சத்தம் நிலையாக நின்றால் குற்றவாளி அதுதான். அன்று அப்படியே வயரோடு கச்சேரியை முடித்தேன். மறுநாள் காண்டாக்ட் கிளீனர் அடித்து, பிளக்கை இருபது தடவை உள்ளே வெளியே இழுத்ததும் சரியாகிவிட்டது. மின்சாரத்தைப் பிடுங்கிவிட்டு, நன்றாகக் காய விட்டு அப்புறம்தான் போட வேண்டும். திருகும்போது கரகரவென்று சத்தம் போடும் வால்யூம் நாபுக்கும் இதே வைத்தியம். கதவுக் கீலுக்கு அடிக்கும் எண்ணெய் ஸ்பிரேயை அடித்துவிடாதீர்கள். நான் ஒரு தடவை அடித்தேன், பிசுக்கில் தூசி ஒட்டி முன்னைவிட மோசமானது.

இனி 'ம்ம்ம்' என்ற ரீங்காரம். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ஈ கம்பியில் மூன்றாவது ஃபிரெட்டில் வரும் ஜி சுரம் 49. அதனால் ஜி-யில் பாட்டு வந்தால் ஆம்ப்பும் கூடவே தம்புரா போடும், அதுவும் கொஞ்சம் சுருதி விலகி! ஆம்ப்பை மேடைக்குப் பின்னால் ஒரு பிளக்கிலும், மிக்சரை மண்டபத்தின் மறுகோடியில் வேறு பிளக்கிலும் போட்டு, நடுவே டி.ஐ. வயரால் (ஆம்ப்பின் சத்தத்தை நேராக மிக்சருக்குக் கொண்டு போகும் வயர்) இணைக்கும்போது இது வருகிறது. இரண்டு எர்த்தும் வயரின் உறை வழியாகச் சேர்ந்து ஒரு வளையமாகிவிடும். பின்னால் இருக்கும் கிரவுண்ட் லிஃப்ட் பட்டனை அழுத்தினால் அந்த உறைத் தொடர்பு மட்டும் துண்டிக்கப்பட்டு ரீங்காரம் அடங்கும். இல்லையென்றால் எல்லாவற்றுக்கும் ஒரே இடத்திலிருந்து நீட்டு வயர் இழுக்கலாம். மூன்று முள் பிளக்கில் எர்த்தைக் கழற்றிவிடும் வீரர்களைப் பட்டர்வொர்த்தில் ஒரு மேடையில் பார்த்திருக்கிறேன். ரீங்காரம் நிற்கும், உண்மைதான். உள்ளே ஏதாவது வயர் அறுந்து தகரத்தைத் தொட்டால், கையில் கம்பியும் உதட்டில் மைக்குமாக நிற்பவன் வழியாக 230 வோல்ட் இறங்கும். தயவுசெய்து வேண்டாம். ஜேஸ் பேஸ் (கம்பி அதிர்வைப் பிடிக்கும் பிக்கப் இரண்டு உள்ள பேஸ் கிடார்) வைத்திருப்பவர்கள் இரண்டு வால்யூமையும் ஒரே அளவில் வைத்துப் பாருங்கள். இரண்டு பிக்கப்பும் எதிரெதிராகச் சுற்றியிருப்பதால் இரைச்சல் பெருமளவு தானே அடித்துக்கொண்டு போய்விடும்.

பினாங்கில் செப்டம்பர், அக்டோபர் மழைக்காலம். இடி உறும ஆரம்பித்தால் சுவிட்சை அணைப்பதோடு விடாமல் பிளக்கையே பிடுங்கிவிடுவேன். வாரம் ஒரு தடவையாவது பத்து நிமிடம் ஓட விடுகிறேன், சும்மா கிடப்பதுதான் இதைக் கெடுக்கிறது.

போன வருடம் மூன்று கிலோகூட இல்லாத கிளாஸ் டி ஹெட் (ஸ்பீக்கர் இல்லாத, எடை குறைந்த வகை ஆம்ப்) ஒன்றும் 12 அங்குல ஸ்பீக்கர் பெட்டி ஒன்றும் வாங்கினேன். கச்சேரிக்கெல்லாம் அதுதான் போகிறது. பழையதை வாங்க இரண்டு பேர் கேட்டார்கள். 600 வெள்ளிக்குத் தருகிறேன், மூன்றாம் மாடியிலிருந்து நீங்களே இறக்கிக்கொள்ளுங்கள் என்றேன். இரண்டு பேருமே இன்னும் திரும்பக் கூப்பிடவில்லை.