அரிவாளுக்குப் பிடி: கருவேலமா, பூவரசா?

அரிவாளுக்குப் பிடி போட எந்த மரம் நல்லது என்று கிராமத்தில் யாரைக் கேட்டாலும் கருவேலம் என்றுதான் பதில் வரும். பழைய தோப்பு அரிவாளுக்குப் புதுப்பிடி போட நேர்ந்தபோது கருவேலம், பூவரசு இரண்டுமே காய்ந்த கட்டைகளாக என் கைவசம் இருந்தன. நான் பூவரசைத்தான் எடுத்தேன். இன்னொரு முறை போட்டாலும் அதையேதான் எடுப்பேன்.

மற்ற மரங்களைச் சீக்கிரம் பார்த்துவிடலாம். தச்சுப்பட்டறையில் துண்டு துண்டாகக் கிடைக்கும் தேக்கு அதிகம் சுருங்காது, எளிதில் உளுத்துப்போகாது. ஆனால் ஓங்கி வெட்டும் அதிர்ச்சியை அது தாங்காது, இழைவாக்கில் பிளந்துவிடும். சமையலறைக் கத்திக்கு வைத்துக்கொள்ளலாம். சவுக்கு காயும்போதே வெடிக்கும். கறிக்கடைக்காரர்கள் வெட்டுக்கட்டையாக வைத்திருக்கும் புளி, கனத்துக்கும் உறுதிக்கும் பெயர்போனது. ஆனால் அதன் இழை முறுக்கிக்கொண்டு ஓடும்; நேரான துண்டுக்கு அலைய வேண்டும். கொய்யா நல்ல மரம்தான், போதிய பருமனில் கிடைப்பது அரிது.

கருவேலத்தின் பெருமையை நான் குறைக்க வரவில்லை. நாட்டுக் கருவேலத்தின் வைரம் பாய்ந்த கட்டையை ஏர், வண்டிச்சக்கரம், மண்வெட்டி, சம்மட்டி என்று அடி வாங்கும் இடத்துக்கெல்லாம் நம் முன்னோர் பயன்படுத்தியதற்குக் காரணம் உண்டு. ஆனால் மண்வெட்டிக்கும் கோடரிக்கும் பொருந்துகிற காரணம் அரிவாளுக்கு அப்படியே பொருந்துமா என்பதுதான் என் கேள்வி.

கோடரியில் மரம் இரும்புக்குள் போகிறது. கோடையில் மரம் சுருங்கிப் பிடி ஆடினால், நுனியில் ஓர் ஆப்பு அறைந்தால் போதும், மறுபடி இறுகிவிடும். அரிவாளில் இது தலைகீழ். இரும்பின் வால் மரத்துக்குள் போகிறது. மரம் காய்ந்து சுருங்கப் பார்க்கும்போது உள்ளே இருக்கும் இரும்பு இடம் கொடுக்காது. வேறு வழியில்லாமல் மரம் வாய்ப்பகுதியிலிருந்து விரிசல் விடும். அதே நேரத்தில் வெளியே பூணுக்கும் (பிடியின் வாயில் மாட்டிய உலோக வளையம்) மரத்துக்கும் இடையே இடைவெளி விழும். விரிசலை இறுக்கிப் பிடிக்க வேண்டிய பூண் இப்போது சும்மா வளையமாகத் தொங்கும். இங்கே ஆப்பு அறைய முடியாது. அறைந்தால் விரிசல் இன்னும் நீளும். மட்டை வெட்ட ஓங்கும்போது அலகு பிடியை விட்டுக் கழன்றால் அது யார் மேல் போய் விழும் என்று சொல்ல முடியாது. அதனால் அரிவாள் பிடிக்கு மரம் தேடும்போது, எவ்வளவு கடினம் என்பதைவிட எவ்வளவு குறைவாகச் சுருங்கும், எவ்வளவு பிடிவாதமாகப் பிளக்க மறுக்கும் என்றுதான் நான் பார்க்கிறேன். இந்த இரண்டிலும் பூவரசு முன்னால் நிற்கிறது.

தளர்ந்த பிடியை இரவு முழுவதும் தண்ணீரில் ஊறப்போடும் வழக்கம் எல்லா ஊரிலும் உண்டு. காலையில் எடுத்தால் கல்போல் இறுகியிருக்கும், வேலையும் நடக்கும். ஆனால் ஊறிய மரம் வெளியே பூணாலும் உள்ளே இரும்பாலும் நெருக்கப்பட்டுத் தன் இழைகளையே நசுக்கிக்கொள்கிறது. நசுங்கிய இழை காய்ந்த பிறகு பழைய அளவுக்குத் திரும்புவதில்லை. அடுத்த வாரம் அந்தப் பிடி முன்பைவிட அதிகமாக ஆடும், மறுபடி ஊறப்போட வேண்டும். வாலும் உள்ளே துருப்பிடித்து மெலியும். கருவேலப் பிடி போட்ட அரிவாள்கள் பல, கோடையில் இந்தச் சுழலில் சிக்குவதைப் பார்த்திருக்கிறேன். அதில் மரத்தின் குற்றம் பாதி. சரியாகக் காயாத கட்டையைப் போட்ட அவசரம் மீதி. கருவேலம் மெதுவாகத்தான் காயும். காயும்போது முனைகளில் வெடிக்கும். ஓர் அங்குலக் கனத்துக்கு ஓர் ஆண்டு என்பது பொதுக்கணக்கு. அவ்வளவு பொறுமை யாருக்கு இருக்கிறது?

பூவரசிலும் எல்லாக் கட்டையும் உதவாது. இளங்கிளையை வெட்டினால் வெளிறுதான், அதாவது வைரம் பாயாத வெளிமரம்தான், அதிகம் இருக்கும். வண்டு துளைத்து மாவாக்கிவிடும். முதிர்ந்த மரத்தின் கருஞ்சிவப்பு வைரம் வேண்டும். பழைய மாட்டுவண்டி உடைத்த சட்டம் கிடைத்தால் விடாதீர்கள். பல ஆண்டு வெயிலிலும் மழையிலும் கிடந்து, ஆட வேண்டிய ஆட்டமெல்லாம் ஆடி முடித்த மரம் அது. பச்சைக்கட்டையானால் ரம்பத்தால் அறுக்காமல் பிளந்து எடுப்பது நல்லது, அப்போது இழை பிடியின் நீளத்துக்கும் நேராக ஓடும். மரத்தின் நட்டநடுப் பகுதியைத் தவிர்த்து, இரு முனைகளிலும் சாணியோ மெழுகோ பூசி நிழலில் காயவிட வேண்டும்.

பிடியின் குறுக்குவெட்டு முட்டை வடிவில் இருக்கட்டும். உருண்டையாக இருந்தால் அலகு கைக்குள் திரும்பும். கடைசியில் சற்றே பருத்திருந்தால் வியர்த்த கையிலிருந்து நழுவாது.

வாலைப் பழுக்கக் காய்ச்சி மரத்துக்குள் நேராக இறக்கும் பட்டறை வழக்கத்தில் எனக்கு உடன்பாடில்லை. துளையைச் சுற்றிக் கரி படியும், அந்தக் கரி நாளடைவில் பொடியாக உதிர்ந்து இடைவெளி விடும். வாலைவிடச் சற்றுச் சிறிதாகத் துளையிட்டு, கடைசிப் பொருத்தத்துக்கு மட்டும் லேசாகச் சூடு காட்டினால் போதும். அப்போதும் அலகின் மேல் ஈரத்துணி சுற்றியிருக்க வேண்டும், இல்லையென்றால் இரும்பின் பதம் கெடும். கரியைச் சுரண்டி எடுத்துவிட்டு, செங்கல்தூள் கலந்த அரக்கை உருக்கி ஊற்றி வாலை இறக்கினேன். எபாக்சி பசை இதைவிட வலுவாகப் பிடிக்கும் என்பது உண்மைதான். ஆனால் பிடி ஒருநாள் தேயும், உடையும். அரக்கு நூறு டிகிரிக்குள் இளகிவிடும். இரும்பின் பதம் கெட அதைவிட மிக அதிகச் சூடு வேண்டும். எனவே அலகுக்குச் சேதமில்லாமல் பழைய பிடியைக் கழற்றலாம். எபாக்சியானால் அவ்வளவு சுலபமாகக் கழலாது, உளியால் கொத்தி எடுக்க வேண்டியும் வரலாம். அரக்குப் போட்ட அரிவாளை அடுப்பருகிலோ உச்சிவெயிலில் தகரக்கூரை மேலோ மட்டும் வைத்துவிடாதீர்கள்.

மேலே ஆளிவிதை எண்ணெய் தடவினேன். அது காற்றுப்பட்டு உலர்ந்து மரத்தோடு படியும். தேங்காய் எண்ணெய் உலராது, பிடி வழுக்கிக்கொண்டே இருக்கும்.

பூவரசுக்குக் குறையும் உண்டு. கருவேலத்தைவிட மென்மையானதால் கல்லில் பட்டால் தழும்பு விழுகிறது. எடையும் குறைவு, நீண்ட அலகுள்ள அரிவாளில் முன்பக்கம் தலைகனத்து மணிக்கட்டு வலிக்கும். நாள் முழுக்க வேலிமுள் வெட்டுபவர் கனமான கருவேலத்தையே கேட்டால் நான் மறுத்துப் பேசமாட்டேன். நன்றாகக் காய்ந்த கட்டையாகப் பார்த்து வாங்கச் சொல்வேன், அவ்வளவுதான்.

சீமைக் கருவேலத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. எல்லோரும் விறகுக்கும் கரிக்கும் என்று ஒதுக்கிவிட்ட அந்த மரம், காயும்போது மிகக் குறைவாகவே சுருங்கும். வைரமும் கெட்டி. அரிவாள் பிடிக்கு அதில் போட்டுப் பார்த்த பழக்கம் எனக்குப் போதாது. கோணலில்லாமல் ஒரு சாண் நீளத்துக்குக் கட்டை கிடைப்பதுதான் கடினம். அப்படி ஒன்று கிடைத்ததால் முனைகளில் மெழுகு பூசிப் பரண்மேல் காயப்போட்டிருக்கிறேன். அடுத்த பிடி அதில்தான்.