ஓட்டிக் காட்டிய சைக்கிளையே புதுசு என்று கொடுத்துவிட்டார்கள்

மதுரையில் சைக்கிள் வாங்க நினைப்பவர்கள், முக்கியமாக என்னைப் போல நாற்பது தாண்டி முதல்முறையாகக் கியர் சைக்கிள் வாங்கப் போகிற பெண்கள், இதைப் படித்துவிட்டுக் கடைக்குப் போங்கள். புகார் நடந்துகொண்டிருப்பதால் கடையின் பெயரை எழுதவில்லை.

அந்தக் கடைக்கு நான் போனதே அவர்கள் போட்ட ஒரு வீடியோவைப் பார்த்துத்தான். கடைப் பையன்கள் நாலு பேர் அழகர்கோவில் ரோட்டில் நாலு விதமான சைக்கிள்களை மாற்றி மாற்றி ஓட்டிப் பார்த்துப் பேசுவார்கள். ரோடு பைக்கின் ஒல்லி டயர் பறக்கும், ஆனால் ரோட்டு வெடிப்பு ஒவ்வொன்றும் கையில் தெரியும். எம்டிபி என்கிற மலைச் சைக்கிளில் எழுந்து நின்று மிதித்தால் முன்பக்க சஸ்பென்ஷன் அமுங்கி அமுங்கி நம் பலத்தைக் குடிக்கும். தடித்த டயர் போட்ட ஃபேட் பைக் பார்க்கக் கம்பீரம், மேடு வந்தால் மூச்சு வாங்கும். தினசரி ஓட்ட, ரோடு பைக்குக்கும் எம்டிபிக்கும் நடுவாக இருக்கிற ஹைப்ரிட்தான் சரி. அவர்கள் சொன்னதில் ஒன்றும் தப்பில்லை. அதனால்தான் நம்பிப் போனேன்.

மழை விட்டிருந்த ஒரு சனிக்கிழமை சாயங்காலம். ஹைப்ரிட்டை ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்க்கிறேன் என்றேன். “ரோடு ஈரமா இருக்குக்கா, வழுக்கிடும். நான் ஓட்டிக் காட்டுறேன் பாருங்க” என்று ஒரு தம்பி ஏறிவிட்டான். அவன் ஆறடிக்குக் கொஞ்சம்தான் குறைவு. நான் ஐந்தடி இரண்டங்குலம். அவனுக்கு அந்த வண்டி அளவெடுத்துச் செய்த மாதிரி இருந்தது. எனக்கு உயரமாக இருக்குமே என்றதற்கு, “சீட்டை இறக்கிட்டா போதும்க்கா” என்றான். 26,500 ரூபாய் கட்டினேன். பெட்டியைப் பிரித்து மாட்டித் திங்கட்கிழமை வீட்டுக்கே அனுப்புவதாகச் சொன்னார்கள்.

வந்தது 19 அங்குல ஃபிரேம். சீட்டை இறக்கினால் மிதிகட்டைக்குக் கால் எட்டும், சரி. ஆனால் சீட்டுக்கும் ஹேண்டில்பாருக்கும் உள்ள தூரம் குறையாதே! பத்து நாளில் மணிக்கட்டு வலி, விரல்கள் மரத்துப்போயின. கோரிப்பாளையம் சிக்னலில் சட்டென்று நிறுத்தும்போது இரண்டு காலும் தரையில் முழுதாகப் பதியவில்லை. அப்படியே பக்கவாட்டில் சாய்ந்து விழுந்தேன். பின்னால் வந்த ஆட்டோக்காரர் பிரேக் பிடித்ததால் இன்று எழுதிக்கொண்டிருக்கிறேன். நடுக்கம்பிக்கு இருபுறமும் காலை ஊன்றி நின்றால் கம்பி உடம்பில் படாமல் ஓர் அங்குலமாவது இடைவெளி வேண்டும். இதைக் கடையிலேயே ஒரு நிமிடம் நின்று பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். என்னை நிற்கவே விடவில்லை.

அடுத்த வாரம் இடது மிதிகட்டை ஆட ஆரம்பித்தது. எங்கள் தெருமுனையில் பஞ்சர் ஒட்டும் பெரியவரிடம் கொண்டுபோனேன். இடது மிதிகட்டைக்கு மரை எதிர்ப்பக்கமாக இருக்கும். அதைக் கோணலாக வைத்து முறுக்கி மரையையே தின்ன வைத்திருக்கிறார்கள். கட்டையைக் கழற்றியபோது உள்ளேயிருந்து அலுமினியச் சுருள் பொடிப்பொடியாகக் கொட்டியது. அப்புறம் அவர் டயரைத் தடவினார், செயினைத் தூக்கிப் பார்த்தார். “டீச்சர், இது புது வண்டி இல்லம்மா” என்றார்.

என் பையில் எப்போதும் ஸ்கேல் இருக்கும். கணக்கு டீச்சர். புதுச் செயினில் ஓர் ஆணியின் நடுவில் பூஜ்யத்தை வைத்தால், 12 அங்குலக் கோடு இன்னோர் ஆணியின் நடுவில் சரியாக விழ வேண்டும். என் செயினில் அந்த ஆணி கோட்டைத் தாண்டி ஓர் அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு தள்ளி நின்றது. மூன்று வாரம் ஓட்டியதில் செயின் இவ்வளவு தேயாது. புது டயரில் முடி முடியாக நீட்டிக்கொண்டிருக்குமே, அது முதல் நாளே இல்லை என்பதும் அப்போதுதான் உறைத்தது.

ராத்திரி உட்கார்ந்து அந்த வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். தண்ணீர் பாட்டில் மாட்டும் இடத்துக்குக் கீழே பிறை மாதிரி ஒரு கீறல். என் வண்டியிலும் அதே இடத்தில் அதே கீறல். வயிற்றைப் பிசைந்தது.

மறுநாள் இரண்டையும் காட்டிக் கேட்டேன். மேனேஜர் பில்லை வாங்கிப் பார்த்துவிட்டு, “இதுல ஃபிரேம் நம்பரே இல்லையே மேடம், நாங்க கொடுத்தது இந்த வண்டிதான்னு எப்படிச் சொல்றீங்க?” என்றார். மிதிகட்டை போனது நான் விழுந்ததால்தானாம். கடைசியில் 2,000 ரூபாய்க்குச் சாமான் எடுத்துக்கொள்ளச் சொன்னார். வேண்டாம் என்று வந்துவிட்டேன்.

மிதிகட்டை சுற்றும் அச்சுக்குக் கீழே, வண்டியைக் கவிழ்த்தால் ஃபிரேம் நம்பர் தெரியும். பணம் கட்டும் முன் அதைப் பில்லில் எழுதி வாங்குங்கள். பெட்டியை உங்கள் கண்முன் பிரிக்கச் சொல்லுங்கள். மழை என்றால் இன்னொரு நாள் போங்கள், ஆனால் நீங்களே ஓட்டிப் பாருங்கள்.

1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன். அதில் தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம்தான். 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்கு அங்கே கட்டணம் கிடையாது. நம்மூரில் வேறு யாருக்காவது ஓட்டிய வண்டியைப் புதுசு என்று கொடுத்திருந்தால், செயினை அளந்து படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். மனுவோடு சேர்த்துக் கொடுக்கிறேன்.