மெனோபாஸ் வறட்சிக்குத் திருச்சியில் வைத்தியம்: அக்காவோடு போன அனுபவம்

லண்டனிலிருந்து ஊருக்கு வந்தால் பல், கண், ரத்தப் பரிசோதனை எல்லாவற்றையும் பார்த்துவிட்டுத் திரும்புவது நம்மில் பலருக்கு வழக்கம். மாதவிடாய் நின்ற பிறகு வரும் பெண்ணுறுப்பு வறட்சிக்காக டாக்டரைப் பார்த்தேன் என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை. இந்த முறை திருச்சியில் என் அக்காவைக் கூட்டிக்கொண்டு அதற்காகத்தான் போனேன். அவர் சம்மதத்தோடு எழுதுகிறேன்.

அக்காவுக்கு 54 வயது. கர்ப்பப்பையில் கட்டி என்று 43 வயதில் ஆபரேஷன் நடந்தது. கர்ப்பப்பையோடு இரண்டு சினைப்பைகளையும் எடுத்துவிட்டார்கள். சினைப்பை போனால் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் சட்டென்று இறங்கிவிடும். மற்றவர்களுக்கு மெல்ல மெல்ல வரும் மெனோபாஸ் ஒரேயடியாக வந்துவிடும். இதை அந்த மருத்துவமனையில் யாரும் அவரிடம் சொல்லி அனுப்பவில்லை. அதை நினைத்தால் எனக்கு இன்னும் ஆறவில்லை.

பிறகு எரிச்சல், அரிப்பு, அடிக்கடி யூரின் போகவேண்டும்போல ஓர் அவஸ்தை. ஒவ்வொரு தடவையும் "யூரின் இன்ஃபெக்ஷன்" என்று ஆன்டிபயாடிக். அக்காவின் ஃபைலைப் புரட்டிப் பார்த்தேன். யூரின் கல்ச்சர் ரிப்போர்ட்டுகளில் பாதிக்கு மேல் கிருமி வளரவில்லை என்றே இருந்தது. அரிப்புக்கு மெடிக்கல் ஷாப்பில் சீட்டில்லாமல் வாங்கிய ஒரு ட்யூபும் இருந்தது. க்ளோபெட்டசால் கலந்த களிம்பு. அது வீரியமான ஸ்டீராய்டு, தொடர்ந்து தடவினால் தோலை மெலிய வைக்கும். ஈஸ்ட்ரோஜன் குறைந்து ஏற்கெனவே மெலிந்துபோன இடத்தில் அதைப் போய்த் தடவிக்கொண்டிருந்தார்.

தில்லைநகரில் ஒரு லேடி டாக்டர். காலையில் போன் செய்து டோக்கன் வாங்கினோம், ஃபீஸ் 500 ரூபாய். ஹால் முழுக்கக் கர்ப்பிணிகளும் அவர்களுடைய கணவர்களும். வரவேற்பில் இருந்த பெண் எல்லார் காதிலும் விழும்படி "என்ன ப்ராப்ளம்மா?" என்று கேட்டார். அக்கா "செக்கப்" என்று சொல்லிவிட்டார். இப்படிக் கேட்பதை எல்லா கிளினிக்கிலும் நிறுத்தவேண்டும். உள்ளேயும் கதவு பாதி திறந்தே இருந்தது. சாத்தச் சொன்னேன், உடனே சாத்தினார்கள்.

டாக்டர் பொறுமையானவர். அக்கா யூரின் பிரச்சினையை மட்டும் சொல்லி முடித்ததும், "உறவு வச்சுக்கும்போது வலிக்குதாம்மா?" என்று கேட்டார்.

"அதெல்லாம் விட்டு ரொம்ப வருஷம் ஆச்சு டாக்டர்."

"வலிச்சதாலதான் விட்டீங்களா?"

அக்கா தலையாட்டினார். இத்தனை வருஷத்தில் அவரிடம் இதைக் கேட்ட முதல் ஆள் அந்த டாக்டர்தான்.

முதலில் சர்க்கரை பார்த்தார். சர்க்கரை ஏறியிருந்தாலும் பூஞ்சைத் தொற்று வந்து அரிக்கும். பிறகு உள்ளே பார்ப்பதற்கான சின்ன ஸ்பெகுலம் கருவியை வைத்து, வலித்தால் உடனே எடுத்துவிடுவதாகச் சொல்லிப் பரிசோதித்தார். ஈஸ்ட்ரோஜன் குறைந்தால் உள்தோல் மெலிந்து வெளுத்துவிடும், அங்கே இயல்பாக இருக்கும் அமிலத்தன்மையும் நல்ல பாக்டீரியாவும் குறையும், அதனால்தான் எரிச்சலும் தொற்றும் திரும்பத் திரும்ப வருகிறது என்று விளக்கினார். மெனோபாஸில் திடீரென்று உடம்பு சூடாகி வேர்ப்பது நாளாக நாளாகத் தணியும். இந்த வறட்சி தானாகச் சரியாகாது, வைத்தியம் பார்க்காவிட்டால் கூடத்தான் செய்யும்.

எழுதிக்கொடுத்தது எஸ்ட்ரியால் க்ரீம், ஒரு வகை ஈஸ்ட்ரோஜன். முதல் 2 வாரம் தினமும் படுக்கப்போகும்போது அப்ளிகேட்டரால் உள்ளே வைக்கவேண்டும், அப்புறம் வாரத்துக்கு 2 முறை. நன்றாகத் தெரிய சில வாரம் ஆகும், நிறுத்தினால் திரும்பிவிடும். உறவின்போது வழவழப்புக்குத் தனியாக லூப்ரிகன்ட். தேங்காய் எண்ணெய் பற்றிக் கேட்டேன். வெளியே இதமாக இருக்கும், ஆனால் மெலிந்த தோலைச் சரிசெய்யாது. ஆணுறை பயன்படுத்துகிறவர்கள் எந்த எண்ணெயையும் தொடக்கூடாது, ரப்பர் கிழிந்துவிடும் என்றார். மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள் ஹார்மோன் இல்லாத மாய்ஸ்சரைசரில் தொடங்கவேண்டும். க்ரீம் வேண்டுமென்றால் கேன்சர் டாக்டரைக் கேட்டுத்தான். மாதவிடாய் நின்று ஒரு வருஷம் ஆன பிறகு துளி ரத்தம் பட்டாலும் வறட்சி என்று விட்டுவிடாமல் காட்டவேண்டும்.

பக்கத்துக் கடைகளில் க்ரீம் இல்லை. கொஞ்சம் தள்ளி ஒரு மெடிக்கல்ஸில் கிடைத்தது. விலை சில நூறு ரூபாய்தான். வீட்டில் அக்கா உள்ளே இருந்த தாளைப் படித்தார். புற்றுநோய், ரத்தக்கட்டு என்று எச்சரிக்கை. ட்யூபை எடுத்து ஓரமாக வைத்துவிட்டார். டாக்டருக்கு போன் போட்டோம். அவை பெரும்பாலும் உடம்பு முழுக்கப் போகும் ஹார்மோன் மாத்திரைகளின் ஆய்விலிருந்து வந்த எச்சரிக்கைகள், இந்தக் க்ரீம் ரத்தத்தில் கலப்பது மிகக் குறைவு என்றார். அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏகூட, இப்படிப்பட்ட மருந்துகளின் அட்டையில் இருந்த கட்டம் கட்டிய எச்சரிக்கையை நீக்குவதாக 2025 நவம்பரில் அறிவித்தது. பிரிட்டனில் 2022 முதல் 50 வயது தாண்டிய, மாதவிடாய் நின்று ஒரு வருஷமாவது ஆன பெண்கள் ஜினா என்ற மாத்திரையை மருந்தாளரிடம் பேசி, டாக்டர் சீட்டில்லாமலே வாங்கலாம். அதுவும் உள்ளே வைக்கும் ஈஸ்ட்ரோஜன்தான். இதையெல்லாம் நான் சொன்ன பிறகுதான் அக்கா அன்று ராத்திரி தொடங்கினார்.

நான் லண்டன் திரும்பிய பிறகு போனில் சொன்னார்: எரிச்சல் குறைந்திருக்கிறது, ராத்திரி யூரினுக்கு எழுந்திருப்பதும் குறைந்திருக்கிறது. அத்தானோடு என்ன பேசினார் என்று நான் கேட்கவில்லை. க்ரீம் தீரும் முன்பே கடையில் சொல்லிவைத்தால் மறுநாள் வரவழைத்துத் தருகிறார்களாம்.