ப்ளக்கைப் பார்த்தே வைத்தியம்

என்னோடது 1994 மாடல் யமஹா ஆர்எக்ஸ் 100 பைக். ரெண்டு மாசமா புகை, பிக்கப் சுத்தமா இல்ல. வேற ஒரு கடையில பெட்ரோலையும் காத்தையும் கலக்குற கார்புரேட்டரையே மாத்தச் சொன்னாங்க. கடலூர் மஞ்சக்குப்பத்துல சந்துக்குள்ள இருக்கிற இந்த மெக்கானிக் அண்ணன் முதல்ல ஸ்பார்க் ப்ளக்கைக் கழட்டினார். விறகடுப்புல வெச்ச சட்டியோட அடி மாதிரி கருப்பு. "பெட்ரோல் ஓவரா போவுதுப்பா." கார்புரேட்டர் ஊசியில கிளிப்பை ஒரு காடி மேல ஏத்தி, பெட்ரோல் குறையுற மாதிரி ஊசியை இறக்கினார். புது ப்ளக் போட்டு, சில்வர் பீச் ரோட்டுல பாதி த்ராட்டில்ல ஓட்டிப் போய், அப்படியே கிளட்ச் புடிச்சு இன்ஜினை அணைச்சு, அங்கேயே கழட்டிப் பார்த்தார். ஐடில்ல விட்டுட்டுப் பார்த்தா நிறம் ஏமாத்துமாம். ப்ளக்கோட பீங்கான் நுனியில லேசா பால் டீ நிறம், அதுதான் சரியாம். "வெள்ளையா இருந்தாதான் பயம், பெட்ரோல் பத்தாம சூடேறி பிஸ்டன் காலி." கூலி 200 ரூபாய். சனிக்கிழமை மட்டும் போகாதீங்க, செம கூட்டம்.