கீழ்மலைக் காப்பி ஐரோப்பாவுக்குப் போக எந்த வரிச்சலுகை நல்லது?

கொடைக்கானல் கீழ்மலையில் தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கம் சொந்தமாகக் காப்பி வறுத்து விற்க நினைக்கும் தோட்டக்காரர்கள் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: "ஐரோப்பாவுக்கு அனுப்பினால் வரிச்சலுகை உண்டாமே, நமக்குக் கிடைக்குமா?" எதை அனுப்பப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது அது.

வறுக்காத, காஃபின் நீக்காத கொட்டைக்கு ஐரோப்பிய ஒன்றியத்தில் யாருக்குமே வரி கிடையாது. பார்ச்மென்டாகவே (பழத்தோல் நீக்கி, உள்தோலோடு காயவைத்த கொட்டையாக) பட்டிவீரன்பட்டி காப்பிச் சந்தைக்கு இறக்கிவிடுகிறவருக்கு, ஐரோப்பா தானாகத் தரும் சலுகைத் திட்டமும் ஒன்றுதான், இரு தரப்பும் பேசிப் போடும் வர்த்தக ஒப்பந்தமும் ஒன்றுதான். நீலகிரியின் கறுப்புத் தேயிலைக்கும் அதே கதை. மூன்று கிலோவுக்கு மேற்படாத கிரீன் டீ பாக்கெட்டுக்கு மட்டும் 3.2 சதவீதம் அடிப்படை வரி.

வறுத்ததும் கணக்கு மாறுகிறது. அடிப்படை வரி 7.5 சதவீதம். வளரும் நாடுகளுக்கான ஜி.எஸ்.பி. சலுகையில் இந்தியாவுக்கு 2.6. மிகவும் பின்தங்கிய நாடுகளான எத்தியோப்பியா, உகாண்டாவுக்குப் பூஜ்யம். 2020 ஆகஸ்டு முதல் தனி ஒப்பந்தம் வைத்திருக்கும் வியட்நாமுக்கும் பூஜ்யம். 1,000 யூரோ சரக்குக்கு சலுகை இல்லாதவர் 75 யூரோ கட்டுவார், ஜி.எஸ்.பி.யில் நாம் 26, வியட்நாம்காரர் ஒன்றும் கட்ட மாட்டார். இன்ஸ்டன்ட் காப்பியிலும் இப்படித்தான்: 9, 3.1, பூஜ்யம். கொட்டையை விட்டுவிட்டு வறுத்ததற்கு வரி போட்டால், வறுக்கும் கூலியும் லாபமும் அங்கேயே தங்கும். எனக்கு ஆற்றாமை இதில்தான்.

ஜி.எஸ்.பி.யின் பெரிய வசதி, பதிலுக்கு நாம் எதையும் விட்டுக்கொடுக்க வேண்டாம். 1968இல் டெல்லியில் கூடிய ஐ.நா. வர்த்தக மாநாட்டில் ஒப்புக்கொண்ட கொள்கையே அது. ஆனால் கொடுத்தவர் நினைத்தால் எடுத்துக்கொள்ளலாம். அமெரிக்கா 2019 ஜூன் 5 முதல் இந்தியாவுக்கு நிறுத்தியது. 2020 முடிவில் அந்தத் திட்டமே காலாவதியானது. காப்பிக்கு அங்கே அப்போது அடிப்படை வரியே இல்லாததால் நாம் தப்பித்தோம். ஐரோப்பியத் திட்டமும் 2023இல் 2027 இறுதிவரைதான் நீட்டிக்கப்பட்டது. அதை நம்பி வறுக்கும் இயந்திரத்துக்குக் கடன் வாங்கச் சொல்ல எனக்கு மனம் வராது.

ஒப்பந்தம் நிலைத்து நிற்கும். ஆனால் இங்கேயும் கதவைத் திறக்கச் சொல்வார்கள். 2000 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த இந்திய–இலங்கை ஒப்பந்தம், ஆண்டுக்கு 1.5 கோடி கிலோ தேயிலையை 7.5 சதவீத வரியில் உள்ளே விட்டது. பச்சை இலை விலைக்காகக் காத்திருக்கும் கோத்தகிரி, குன்னூர் சிறு விவசாயியின் அச்சம் நியாயமானது. ஆனாலும் வறுத்த காப்பிக்கு ஒப்பந்தமே மேல் என்பேன். தேயிலை, காப்பி இறக்குமதி வரியை விட்டுக்கொடுக்காத ஒப்பந்தமாக அது இருக்க வேண்டும்.

ஐரோப்பாவோடு அப்படி ஓர் ஒப்பந்தம் நடைமுறைக்கு வரும்வரை இருப்பதைப் பயன்படுத்துங்கள். 6,000 யூரோவுக்கு மேற்படாத சரக்குக்கு, ஜி.எஸ்.பி.க்கான பதிவு எண் இல்லாத ஏற்றுமதியாளரே, சரக்கின் தோற்றம் இந்தியா என்ற உறுதிமொழியை விலைப்பட்டியலில் உரிய வடிவில் எழுதி ஜி.எஸ்.பி. கோரலாம். சிக்கரி கலந்தால் சுங்கக் குறியீடே மாறிவிடும், அதற்கான வரியைத் தனியாகப் பாருங்கள். காடழித்த நிலத்தில் விளைந்த பொருளைத் தடுக்க, விளைந்த இடத்தைக் காட்டச் சொல்லும் ஐரோப்பாவின் காடழிப்புத் தடைச் சட்டத்தில் காப்பி இருக்கிறது, தேயிலை இல்லை. ஆகவே தோட்டம் இருக்கும் இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையை இப்போதே அளந்து வையுங்கள்.