ஃபைல் அப்லோட்: நம் சர்வர் வழியாகவா, நேராக எஸ்3-க்கா?

மொபைல் ஆப்பிலிருந்து பில் போட்டோக்களும் பிடிஎஃப்களும் ஏற்ற ஓர் ஏபிஐ தேவைப்பட்டது. ஃபைலை பேஸ்64 (வெறும் எழுத்து வடிவம்) ஆக்கி ஜேசானுக்குள் வைப்பது, மல்டிபார்ட் ஃபார்மாக (வெப் ஃபார்ம்கள் ஃபைல் அனுப்பும் வழக்கமான முறை) நம் சர்வருக்கு அனுப்புவது, பிரீசைன்டு யூஆர்எல் (சிறிது நேரம் மட்டும் செல்லும், முன்பே சைன் செய்த லிங்க்) கொடுத்து ஆப்பையே நேராக எஸ்3-ல் (அமேசானின் ஃபைல் சேமிப்புச் சேவை) போட வைப்பது என மூன்று வழிகள். நாங்கள் எடுத்தது மூன்றாவது.

பேஸ்64-ல் 3 பைட் 4 எழுத்தாகும், அதாவது அளவு மூன்றில் ஒரு பங்கு கூடும். கையெழுத்துப் படம் மாதிரி சில கேபிக்களுக்குச் சரி. அதற்கு மேல் வேண்டாம்.

மல்டிபார்ட் எழுதுவதற்குச் சுலபம், எல்லா ஃபிரேம்வொர்க்கிலும் தயாராக இருக்கிறது. பராமரிப்பில்தான் படுத்தும். முன்னால் நிற்கும் வெப் சர்வரான என்ஜின்எக்ஸில் நாம் மாற்றாதவரை வரம்பு 1 எம்பி, தாண்டினால் 413 எரர் (அளவு மிகப் பெரிது). அதை ஏற்றிவிட்டாலும், முன்னால் அமேசான் ஏபிஐ கேட்வே (ரிக்வெஸ்ட்டை வாங்கிக் கடத்தும் சேவை) இருந்தால் 10 எம்பியில் நிற்கும், பின்னால் லாம்டா (தனி சர்வர் வைக்காமல் கோடு ஓட்டும் அமேசான் சேவை) என்றால் 6 எம்பியிலேயே. போதாததற்கு ஒரே ஃபைலை என்ஜின்எக்ஸ் டிஸ்கில் தேக்கி, ஆப் சர்வர் வாங்கி, திரும்ப எஸ்3-க்கு அனுப்ப வேண்டும். டிராஃபிக் கூடக் கூட, படம் சுமப்பதற்காகவே சர்வரைப் பெரிதாக்க வேண்டி வரும்.

பிரீசைன்டில் நம் ஏபிஐக்கு இரண்டே சின்ன ரிக்வெஸ்ட். முதலில் ஃபைலின் வகையையும் அளவையும் வாங்கிக்கொண்டு, பத்து நிமிடம் செல்லும் யூஆர்எல் தருகிறோம். ஏற்றி முடித்ததும் ஆப் திரும்பச் சொல்கிறது. அப்போது எஸ்3-யிடம் ஹெட் ரிக்வெஸ்ட்டில் (ஃபைலை இறக்காமல் விவரம் மட்டும் கேட்பது) அளவைச் சரிபார்த்து, தற்காலிக ஃபோல்டரிலிருந்து நிரந்தர இடத்துக்கு காப்பி செய்கிறோம். இந்த காப்பியை விட்டுவிடாதீர்கள். யூஆர்எல் காலாவதி ஆகும்வரை அதே கீயில் (எஸ்3-ல் ஃபைலின் பெயர்) வேறு ஃபைலை மேலெழுத முடியும். பாதியில் கைவிட்டவை தற்காலிக ஃபோல்டரிலேயே கிடக்கும், ஒரு நாள் கழிந்ததும் லைஃப்சைக்கிள் ரூல் (பழையதை எஸ்3-யே நீக்க நாம் வைக்கும் விதி) அழித்துவிடும். கிளீனப் ஸ்கிரிப்ட் எழுதவே தேவைப்படவில்லை.

இரண்டு இடத்தில் கவனம் வேண்டும். கன்டென்ட்-டைப்பையும் (ஃபைலின் வகை) சேர்த்து சைன் செய்திருந்தால், ஆப் வேறு வகை அனுப்பியதும் 403 எரர் (அனுமதி மறுப்பு) வரும். பிரீசைன்டு புட்டில் (யூஆர்எல்லுக்கு ஃபைலை நேராக அனுப்பும் முறை) 'இத்தனை எம்பிக்குள்' என்று வரம்பு வைக்க வழியில்லை. அது கட்டாயம் என்றால் போஸ்ட் பாலிசிக்குப் (விதிகளுடன் ஃபார்மாக ஏற்றும் முறை) போங்கள், அதில் கன்டென்ட்-லெங்த்-ரேஞ்ச் (அளவு வரம்பு) உண்டு.

பெரிய வீடியோக்கள் எங்களுக்கு வந்ததில்லை. விட்ட இடத்திலிருந்து தொடர எஸ்3-யின் மல்டிபார்ட் அப்லோட் (மேலே சொன்ன ஃபார்ம் அல்ல, ஃபைலைத் துண்டுதுண்டாக ஏற்றுவது), டஸ் புரோட்டோகால் இரண்டும் இருக்கின்றன. பெரிய அளவில் ஓட்டிப் பார்க்காமல் எது மேல் என்று நான் சொல்வது சரியாகாது.

ஆபீசுக்குள் நாலைந்து பேர் மட்டும் பயன்படுத்தும் டூல் என்றால் மல்டிபார்ட் ஃபார்மே போதும். பக்கெட் பாலிசி (எஸ்3-க்கான அனுமதி விதிகள்), லைஃப்சைக்கிள் ரூல் என்று வேலையை இழுத்துப் போட்டுக்கொள்ள வேண்டியதில்லை.