நிமிடத்துக்கு 180 அடி வைக்கச் சொல்லி வாங்கிய 6,000 ரூபாய்

இணையவழி ஓட்டப் பயிற்சி என்று யாராவது வந்து, 'உங்கள் கேடன்ஸ் தப்பு, 180-க்கு மாற்றித் தருகிறேன்' என்றால் பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். கேடன்ஸ் என்பது நிமிடத்துக்கு எத்தனை அடி வைக்கிறோம் என்ற கணக்கு, அவ்வளவுதான்.

எட்டு வாரத்துக்கு 6,000 ரூபாய் கட்டினேன். பறக்கை சாலையில் நான் ஓடுவதை என் மகன் ஸ்கூட்டரில் கூடவே வந்து படமெடுத்தான். அதைப் பார்த்து அறிக்கை வந்தது: இப்போது 156, திங்கட்கிழமை முதல் 180. கைப்பேசியில் டிக் டிக் என்று தாளம் வைத்துக்கொண்டு நாகர்கோவில் அண்ணா விளையாட்டரங்கைச் சுற்றினேன். நடைப்பயிற்சிக்கு வரும் பெரியவர் ஒருவர், "என்ன மக்கா, கடிகாரத்தை விழுங்கிவிட்டாயா?" என்று கேட்டார்.

பத்தாம் நாள் கெண்டைக்கால் கல்லானது. காலையில் கட்டிலை விட்டு இறங்கினால் குதிகாலுக்கு மேலே சுரீர் என்று பிடித்தது. பயிற்சியாளரிடம் சொன்னேன். "பழகும் வரை வலிக்கத்தான் செய்யும்" என்று பதில். மூன்றாம் வாரம் மாடிப்படி இறங்க முடியாமல் பிசியோதெரபிஸ்டிடம் போனேன். ஓடச் சொல்லிப் பார்த்தவர் சிரித்துவிட்டார். கிலோமீட்டருக்கு ஏழு நிமிடம் என்ற மெதுவான ஓட்டத்தில் 180-ஐ எட்டுவதற்காக நான் முன்பாதத்தில் குதித்துக்கொண்டிருந்தேனாம். முழுப் பாரமும் கெண்டைக்காலில். நான்கு வாரம் ஓட்டமே கூடாது என்றார்.

அந்த 180 வந்த கதையையும் அதற்குப் பிறகுதான் தேடிப் படித்தேன். 1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் ஜாக் டேனியல்ஸ் என்ற அமெரிக்கப் பயிற்சியாளர் ஓட்டக்காரர்களின் அடிகளை எண்ணினார். ஏறக்குறைய எல்லோரும் 180-க்குக் குறையவில்லை. ஆனால் அவர்கள் பதக்கத்துக்காகப் பறந்தவர்கள். வேகம் கூடினால் அடியும் கூடும், உயரம் கூடினால் அடி குறையும். ஆறடிக்கு ஓர் அங்குலம் குறைவான நான் பறக்கையில் வயல் பார்த்துக்கொண்டு ஓடுகிறவன்.

கேடன்ஸை மாற்றவே கூடாது என்று சொல்லவில்லை. காலை உடம்புக்கு வெகுமுன்னால் நீட்டி ஊன்றி, முழங்கால் வலியால் அவதிப்படுகிறவர்களுக்கு 5 முதல் 10 சதவீதம் கூட்டினால் மூட்டின் பாரம் குறையும். என் கணக்கில் 5 சதவீதம் என்றால் 164. அதையும் ஓட்டத்தில் கொஞ்ச நேரம் மட்டும், வாரக்கணக்கில் பழக்க வேண்டும். ஒரே திங்கட்கிழமையில் 15 சதவீதம் ஏற்றுவது பயிற்சி இல்லை. எனக்கு முழங்கால் வலித்ததே இல்லை என்பது வேறு விஷயம்.

வயிற்றெரிச்சல் இனிமேல்தான். தக்கலையில் ஒரு நண்பரும் அதே ஆளிடம் பணம் கட்டியிருக்கிறார். ஐந்தடி இரண்டங்குலம், என்னைவிட நல்ல வேகம். இரண்டு அறிக்கைகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். பெயரைத் தவிர ஒரு வரி மாறவில்லை. இருவருக்கும் 156, இருவருக்கும் 'இடது தோள் தாழ்கிறது', எழுத்துப்பிழைகூட ஒரே இடத்தில்.

பணத்தைத் திருப்பிக் கேட்ட அன்றே வாட்ஸ்அப் குழுவிலிருந்து என்னை நீக்கிவிட்டார்கள். பணம் அனுப்பிய ரசீதையும் இரண்டு அறிக்கைகளையும் வைத்து, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன். இடது தோள் தாழ்ந்தவர்கள் மாவட்டத்தில் வேறு யாராவது இருந்தால் சொல்லுங்கள், சேர்ந்தே கேட்கலாம்.